கூண்டுக்குள் போக எட்டு வாரம்: ராமநாதபுரம் கடற்கரையில் எம்.எம்.ஏ. தயாரிப்பு

குத்து, உதை, மல்லுப்பிடி எல்லாம் கலந்த கூண்டுச் சண்டைதான் எம்.எம்.ஏ. அதில் போட்டி உறுதியான மறுநாள் காலையில் முதல் வேலை தராசு. வெறும் வயிற்றில், கழிப்பறை போய் வந்த பிறகு எடை பாருங்கள். எட்டு வாரமும் அதே நேரம், அதே தராசு. எந்த எடைப் பிரிவில் இறங்குவது என்பதை இந்த எண்தான் முடிவு செய்ய வேண்டும். ஃபிளைவெயிட் 56.7 கிலோ, பாண்டம்வெயிட் 61.2, ஃபெதர்வெயிட் 65.8, லைட்வெயிட் 70.3. இன்று 64 கிலோ இருப்பவர் 61.2-க்குத் தாராளமாக இறங்கலாம். வாரம் அரைக் கிலோ குறைத்தால் ஆறு வாரத்தில் வந்துவிடும். அதே ஆள் 56.7-க்கு ஆசைப்பட்டால் ஏழு கிலோவுக்கு மேல் போக வேண்டும். அதில் பாதியாவது கடைசி இரண்டு நாளில் உடம்புத் தண்ணீரை வற்றவைத்துத்தான் போகும்.

அதை இந்தக் கரையில் செய்யவே கூடாது. கடற்காற்றின் ஈரப்பதத்தில் வியர்வை வடியுமே தவிரக் காயாது. காயாத வியர்வை உடம்பைக் குளிரவைக்காது. பிளாஸ்டிக் உடுப்பு மாட்டிக்கொண்டு சித்திரை வெயிலில் ஓடினால் உள்சூடு ஏறிக்கொண்டே போகும். 2015 டிசம்பரில் சீன வீரர் யாங் ஜியான் பிங் எடை இறக்கும்போது நீர் வற்றி இறந்தார். வயது 21. அதற்குப் பிறகு எம்.எம்.ஏ. போட்டிகளை நடத்தும் ஒன் சாம்பியன்ஷிப் அமைப்பு நீர் வற்றவைத்து எடை இறக்குவதைத் தடை செய்து, சிறுநீரின் அடர்த்தியைச் சோதிக்கும் முறையைக் கொண்டுவந்தது. பயிற்சியில் யாருக்காவது பேச்சு குழறினாலோ நடை தள்ளாடினாலோ நிழலில் கிடத்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கூடவே ஒருவர் 108-ஐ அழைக்கட்டும். நினைவு தவறியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

கபடி, சிலம்பம் ஆடி வந்தவர்களுக்கு

கபடி ஆடியவர் கையில் நல்ல முதல் இருக்கிறது. கணுக்கால் பிடிக்கப் பாயும் அந்த வேகம்தான், ஒற்றைக் காலைப் பிடித்து வீழ்த்தும் சிங்கிள் லெக் டேக்டவுனின் அடிப்படை. ஆனால் மூன்று பழக்கங்களை மாற்ற வேண்டும். முதலாவது தலை. கபடியில் தலையைத் தாழ்த்திப் பாயலாம். இங்கே அப்படிப் போனால் முழங்கால் முகத்தில் விழும், இல்லையென்றால் கழுத்தை முன்பக்கமிருந்து நெரிக்கும் கில்லட்டின் பிடியில் மாட்டும். எதிராளியின் விலாவில் உங்கள் நெற்றிப்பொட்டு அழுந்த வேண்டும், முதுகு நிமிர்ந்திருக்க வேண்டும், கண் மேலே பார்க்க வேண்டும். இரண்டாவது, காலைப் பிடித்ததும் காத்திருப்பது. கபடியில் மற்றவர்கள் ஓடிவந்து மேலே விழுவார்கள். கூண்டில் யாரும் வர மாட்டார்கள். பிடித்த காலை உங்கள் தொடைகளுக்கு நடுவே இடுக்கி, தோளால் அவர் தொடையை அழுத்திக்கொண்டே பின்பக்கமாக அரைவட்டம் நடந்தால் அவர் தானாகச் சரிவார். பக்கத்துக்கு 20 முறை, தினமும், மெதுவாகச் செய்யுங்கள். வேகம் ஐந்தாவது வாரத்தில் வந்தால் போதும்.

மூன்றாவதுதான் கடினம்: மூச்சு. ரெய்டு 30 விநாடி. தொழில்முறை எம்.எம்.ஏ. சுற்று 5 நிமிடம். சாதாரணப் போட்டிக்கு மூன்று சுற்று, பட்டப் போட்டிக்கு ஐந்து. மூச்சை அடக்கிப் பிடித்தே பழகியவர் இரண்டாவது நிமிடத்தில் தோள் கனத்து நிற்பார். ஒவ்வொரு குத்துக்கும் ஒவ்வொரு தள்ளலுக்கும் ‘ஸ்’ என்று மூச்சை வெளியே விடுங்கள். சத்தம் கேட்காவிட்டால் மாஸ்டர் சுற்றை நிறுத்திவிட வேண்டும்.

சிலம்பக்காரருக்குக் காலடி வைப்பும் தூரக்கணக்கும் ஏற்கெனவே உண்டு. ஆனால் கம்பு இல்லாத கை இடுப்பளவில் தொங்கும், முன்காலில் பாரம் தங்கும். அந்த முன்காலில் எதிராளி உதைக்க அது அழைப்பு. முழங்காலை வெளிப்பக்கம் திருப்பித் தூக்கி, கெண்டைக்காலின் முன் எலும்பில் உதையை வாங்கப் பழகுங்கள்.

மனம் பயிற்சியில்தான் உருவாகும்

முழு வேகச் சண்டைப் பயிற்சி வாரத்துக்கு ஒரே நாள், மூன்று சுற்று. நின்று அடிப்பதற்கு 16 அவுன்ஸ் கையுறை, பல்காப்பு, அடிவயிற்றுக் காப்பு, கால் காப்பு கட்டாயம். இன்னும் இரண்டு நாள் பாதி வேகத்துக்கும் குறைவாக ஆடுங்கள். தினமும் முட்டி மோதுவது வீரம்போலத் தெரியும்; போட்டி வாரத்தில் உடைந்த விலாவும் மந்தமான தலையும்தான் மிச்சம். தலையில் அடிபட்டு ஒரு கணம் கண் இருண்டாலும் அன்றைய பயிற்சி முடிந்தது. வாந்தியோ கூடிக்கொண்டே போகும் தலைவலியோ இருந்தால் உடனே மருத்துவமனை. மருத்துவர் சரி என்று சொல்லும்வரை தலைக்கு அடி வரும் எந்தப் பயிற்சியும் வேண்டாம்.

சாம்பியன்களிடம் பார்க்க வேண்டிய குணம் ஒன்று உண்டு: மோசமான நிலையில் பதறாமை. அதைப் பழக்கலாம். எதிராளி உங்கள் முதுகில் ஏறி, இரு கால்களையும் கொக்கி போட்டு, ஒரு கையைக் கழுத்தடியில் வைத்த நிலையிலிருந்து இரண்டு நிமிடம் ஆடுங்கள். ஐந்து தடவை. முதலில் கழுத்துக்கு வரும் கையை இரு கைகளாலும் பிடிப்பது, பிறகு தோள்களைத் தரையில் சேர்ப்பது, அதற்குப் பிறகே இடுப்பை நகர்த்துவது. வரிசை மாறினால் கழுத்து போய்விடும். மூட்டை முறுக்கும் பூட்டு விழுந்துவிட்டால் தயங்காமல் தட்டித் தோல்வியை ஒப்புக்கொள்ளுங்கள். முழங்கைப் பூட்டிலும் குதிகால் பூட்டிலும் வலி தெரியும் முன்பே மூட்டு கிழிந்துவிடும்; பயிற்சியில் தட்ட மறுப்பவர் ஆறு மாதம் உட்கார்ந்திருப்பார்.

தோல்வியையும் முன்கூட்டியே யோசித்து வைக்க வேண்டும். யுஎஃப்சி என்னும் அமெரிக்க எம்.எம்.ஏ. அமைப்பில் 2007-இல் மாட் செராவிடம் பட்டத்தை இழந்த கனடா வீரர் ஜார்ஜ் செயின்ட் பியர், 2008-இல் அதே ஆளை வென்று பட்டத்தைத் திரும்ப எடுத்தார். நம் நாட்டு அன்ஷுல் ஜூப்லி 2023 பிப்ரவரியில், யுஎஃப்சிக்குள் நுழைவதற்கான ரோட் டு யுஎஃப்சி தொடரின் லைட்வெயிட் வெற்றியாளர். அதே ஆண்டு அக்டோபரில் யுஎஃப்சி முதல் போட்டியில் மூன்றாவது சுற்றில் நாக்அவுட் ஆனார். 2024 ஜூனில் பூஜா தோமர் யுஎஃப்சியில் வென்ற முதல் இந்தியப் பெண் ஆனபோது, மூன்று நடுவர்களும் ஒரே முடிவு சொல்லவில்லை. அவ்வளவு நெருக்கமான போட்டி. கடைசிச் சுற்றுக்கு மூச்சு மிச்சம் வையுங்கள் என்று மாஸ்டர்கள் கத்துவதன் காரணம் இதுதான்.

மணல், கடல், மெத்தை

ஓட்டத்தைக் காலை ஐந்தரைக்குத் தொடங்கி ஏழுக்குள் முடியுங்கள். அலை நனைத்த கெட்டி மணலில் 20 நிமிடம். காய்ந்த மணலில் முதல் வாரம் 5 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். புதை மணலில் குதிகால் ஆழ இறங்கும், குதிகால் நரம்பு வீங்கிவிட்டால் எட்டு வாரமும் வீண். நீச்சல் தோளுக்கு நல்லது, ஆனால் காற்றைப் பார்த்து இடம் மாற்றுங்கள். கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்தில் தென்கடலான மன்னார் வளைகுடா கொந்தளிக்கும், வடகடலான பாக் நீரிணைப் பக்கம் அடங்கியிருக்கும், வாடையில் (வடகிழக்குக் காற்றில்) தலைகீழ். தனுஷ்கோடியின் கடைக்கோடியான அரிச்சல்முனையில் எந்தக் காலத்திலும் இறங்காதீர்கள். ஆழமில்லாத இடத்தில் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நடங்கள், மணலுக்குள் கிடக்கும் திருக்கை விலகிப் போகும்.

கடலிலிருந்து நேராகப் பயிற்சி மெத்தைக்கு வரக் கூடாது. ஒட்டிய மணல் தோலைச் சிராய்க்கும், அந்தச் சிராய்ப்பில்தான் படர்தாமரையும் சீழ்க்கட்டியும் குடியேறும். நல்ல தண்ணீரில் குளித்து, நகம் வெட்டி, உலர்ந்த உடுப்போடு ஏறுங்கள். மெத்தையை முதலில் பெருக்கி, பிறகு ஒரு லிட்டர் தண்ணீரில் 20 மில்லி ஹைப்போகுளோரைட் (5 சதவீதக் கரைசல்) கலந்து துடைத்து, 10 நிமிடம் ஈரமாக விடுங்கள். நேற்றுக் கலந்தது இன்றைக்கு ஆகாது. தோலில் வட்டத் தடிப்பு உள்ளவருக்கு, எவ்வளவு நெருங்கிய நண்பராக இருந்தாலும், அன்று மெத்தையில் இடமில்லை.

சாப்பாடு

ஒரு கிலோ எடைக்கு 1.6 முதல் 2 கிராம் வரை புரதம். 60 கிலோ ஆளுக்கு 96 முதல் 120 கிராம். 100 கிராம் மீனில் ஏறக்குறைய 20 கிராம், ஒரு முட்டையில் 6 கிராம். சூடையும் நெத்திலியும் விலைக்குத் தகுந்த மீன்கள்; பொரிக்காமல் குழம்பாகவோ அவித்தோ சாப்பிடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுத் தடைக்காலம் என்பதால் மீன் விலை ஏறும். அந்த 61 நாளில் முட்டை, பாசிப்பயறு, கொண்டைக்கடலை. கருவாட்டைக் கடைசி வாரம் நிறுத்துங்கள், அதன் உப்பு தண்ணீரைப் பிடித்துவைக்கும்.

பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றரை லிட்டர், இரண்டு மூன்று மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக. கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பாக இருக்கும் ஊர்களில் குடிக்க மனமில்லாமல் குறைவாகக் குடிப்பது சகஜம். நல்ல தண்ணீரைக் குடத்தில் தனியாக எடுத்து வையுங்கள். இளநீரில் ஒரு சிட்டிகை உப்புச் சேர்க்க வேண்டும், வியர்வையில் போகும் உப்பு அதில் போதுமான அளவு இல்லை. நோன்பு மாதத்தில் கடினப் பயிற்சியை இஃப்தாருக்கு ஒன்றரை மணி நேரம் கழித்து வையுங்கள். நோன்புக்கஞ்சி வயிற்றுக்கு இதமாக இருக்கும், கூடவே முட்டையும் இருக்கட்டும். அந்த மாதத்தில் எடை இறக்கும் போட்டியை ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கடைசி வாரம்

கடினச் சண்டைப் பயிற்சி பத்து நாள் முன்பே முடிந்திருக்க வேண்டும். கடைசி வாரம் அளவு பாதி, வேகம் அப்படியே. இரவு எட்டு மணி நேரம் தூக்கம். சுற்றுகளுக்கு நடுவே வரும் ஒரு நிமிடத்தையும் இந்த வாரமே ஒத்திகை பாருங்கள்: உட்காருங்கள், மூக்கால் நாலு எண்ணி இழுங்கள், வாயால் ஆறு எண்ணி விடுங்கள். முதல் 20 விநாடி மூலையில் யாரும் பேசக் கூடாது. பிறகு மாஸ்டர் ஒருவர் மட்டும், இரண்டே கட்டளை. அண்ணனும் மாமாவும் கம்பிக்கு அப்பாலிருந்து கத்துவது காதில் விழாமல் அவர் குரலை மட்டும் பிரித்தெடுக்க, பயிற்சிக் கூடத்தில் ஒலிபெருக்கியை உரக்க வைத்துக்கொண்டு அந்த நிமிடத்தைப் பத்து முறையாவது செய்து பாருங்கள்.