எந்தக் கோதுமை மாவானாலும் முதலில் ஊறட்டும்: வீட்டு பிரெட்டுக்கு ஒரு குறிப்பு

பிரெட்டுக்கு மாவு பிசையும் முன், மாவையும் தண்ணீரையும் மட்டும் கலந்து 30 நிமிடம் மூடி வையுங்கள். உப்பும் ஈஸ்ட்டும் அதன் பிறகுதான். 500 கிராம் மைதாவுக்கு மொத்தம் சுமார் 320 மி.லி. தண்ணீர், முழுக்கோதுமை மாவுக்கு 360 மி.லி. வரை தேவைப்படும். அதில் 50 மி.லி.யை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஊறியதும் 9 கிராம் உப்பு, 5 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட் சேர்த்து, எடுத்து வைத்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிப் பிசையுங்கள். மாவு மிருதுவாக, கையில் லேசாக ஒட்டும் பதம் வந்ததும் நிறுத்திவிடலாம். மீதித் தண்ணீர் வேண்டாம்.

ஊறும்போதே மாவிலுள்ள புரதம் நீரை இழுத்து குளூட்டனாக, அதாவது மாவுக்கு இழுவை தரும் இழைகளாக, இணையத் தொடங்கிவிடும், அதனால் பிசையும் வேலை குறையும். முழுக்கோதுமையில் பலன் இன்னும் அதிகம். தவிடு நீரை மெதுவாகத்தான் உறிஞ்சும். ஊறாத தவிடு குளூட்டன் இழைகளை அறுத்து பிரெட்டைக் கட்டியாக்கும். உப்பு குளூட்டனை இறுக்கிவிடுவதால்தான் அதைப் பின்னால் சேர்க்கச் சொல்வது.

ட்ரை ஆக்டிவ் ஈஸ்ட் என்றால், எடுத்து வைத்த தண்ணீரை வெதுவெதுப்பாக்கி முதலில் அதில் கரையுங்கள். அப்போது அந்த 50 மி.லி. முழுவதும் மாவில் போய்விடும் என்பதால், ஆரம்பத் தண்ணீரில் 30 மி.லி. குறைத்துக்கொள்வது நல்லது.

அரிசி, சோளம், சிறுதானிய மாவுகளில் குளூட்டன் இல்லை, அவை மட்டுமே என்றால் இந்த முறை பயன்படாது. கோதுமை மாவோடு ஐந்தில் ஒரு பங்குக்குள் கலந்தால் பிரெட் நன்றாகவே எழும்பும். வெயில் காலத்தில் முழுக்கோதுமை மாவை ஒரு மணி நேரத்துக்கு மேல் ஊற விடாதீர்கள், தளர்ந்து ஒட்டத் தொடங்கிவிடும்.