அரிதா பீங்கான் அருங்காட்சியகம்: முதல் தடவை போகிறவர்களுக்கு

ஜப்பானின் கியூஷு தீவில், சாகா மாகாணத்தில் இருக்கும் சின்ன ஊர் அரிதா. ஜப்பானியப் பீங்கான் பிறந்தது இங்கேதான். 1980-இல் திறந்த கியூஷு பீங்கான் அருங்காட்சியகமும் இங்கேதான் இருக்கிறது. பீங்கான் பற்றி ஒன்றும் தெரியாமல் போனாலும் ரசிக்கலாம், பார்க்கும் வரிசை தெரிந்தால் போதும்.

1. போய்ச் சேருங்கள்

ஃபுகுவோகா நகரின் ஹகாதா நிலையத்தில் மிதோரி விரைவு ரயில் ஏறினால் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். அரிதாவில் இறங்கிப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் நடக்க வேண்டும். திங்கட்கிழமை விடுமுறை. நிரந்தரக் காட்சிக்குக் கட்டணம் இல்லை. ஏப்ரல் 29 முதல் மே 5 வரை ஊரே பீங்கான் சந்தையாகிவிடும். நிதானமாகப் பார்க்க நினைப்பவர்களுக்கு அந்த வாரம் சரிப்படாது.

2. கதையை மனதில் வையுங்கள்

1592 முதல் 1598 வரை, அன்று ஜப்பானை ஆண்ட ஹிதேயோஷியின் படைகள் கொரியாவில் போர் நடத்தின. அப்போது கொரியக் குயவர்கள் பலர் இங்கே கொண்டுவரப்பட்டார்கள். விரும்பி வந்தவர்கள் அல்ல. அவர்களில் ஒருவரான யி சாம்-பியோங் 1610-களில் இஸுமியாமா மலையில் பீங்கான் கல்லைக் கண்டுபிடித்தார் என்பது ஊர் வழக்கு. ஆமாம், கல்தான். அதை இடித்துத் தூளாக்கி, நீரில் கரைத்து வடித்துப் பிசைந்தால்தான் இந்த வெள்ளை வரும்.

3. கால வரிசையில் பாருங்கள்

முதல் தட்டுகளில் நீலம் மட்டுமே இருக்கும். தட்டு நிற்பதற்கு அடியில் இருக்கும் அடிவளையம் தட்டின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குதான். 1640-களில் சிவப்பு, பச்சை, மஞ்சள் எல்லாம் சேர்கின்றன. அப்புறம் வரும், ஒரு குயவர் குடும்பத்தின் பெயர் கொண்ட ககியெமோன் பாணியில் பால் வெள்ளைப் பரப்பில் ஓரமாக ஒரு கிளை, ஒரு பறவை, மற்றதெல்லாம் வெறும் வெள்ளை. எனக்கு மிகவும் பிடித்தது இந்த வெள்ளைதான். 1650-களிலிருந்து டச்சு கிழக்கிந்தியக் கம்பெனி வாங்கத் தொடங்கியது. பிற்பாடு ஐரோப்பிய மாளிகைகளுக்காகச் சிவப்பும் தங்கமும் இடம் விடாமல் நிறைந்தன. சரக்கு இமாரி துறைமுகம் வழியாகப் போனதால் வெளியே பெயர் இமாரி என்றே நிலைத்தது.

4. அடிப்பக்கத்தைப் பாருங்கள்

இந்தப் படியை மட்டும் விட்டுவிடாதீர்கள். பெரிய தட்டு ஒன்றின் அடிப்பக்கம் தெரிந்தால் குனிந்து பாருங்கள். வளையத்துக்குள் மிளகளவில் சின்னச் சின்னத் தழும்புகள் இருக்கும். சுமார் 1300 டிகிரியில் பீங்கான் இளகும். தட்டின் நடுப்பகுதி தொய்ந்துவிடாமல் இருக்கக் கீழே சின்னக் கூம்புகளை முட்டுக் கொடுத்துச் சுடுவார்கள். ஆறியதும் அவற்றைத் தட்டி எடுத்துவிடுவார்கள். அந்தத் தடம்தான் இது. மேலே வரைந்த பூவைவிட, செய்தவரின் கை எனக்கு இங்கேதான் நெருக்கமாகத் தெரிகிறது.

5. ஷிபாதா தொகுப்பு

ஷிபாதா தம்பதி சேர்த்து இந்த அருங்காட்சியகத்துக்கு நன்கொடையாகக் கொடுத்தது. 10,000-க்கும் மேற்பட்ட பொருள்கள். காட்சியில் ஒரு பகுதிதான் இருக்கும், அதுவே நிறைய. பத்தைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றின் முன்னும் இரண்டு நிமிடம் நில்லுங்கள்.

6. வெளியே வந்த பிறகு

ஊரின் பழைய பகுதியான காமி-அரிதா பக்கம் போங்கள். பழைய சூளைச் செங்கற்களை வைத்துக் கட்டிய சுவர்கள் சந்துகளில் நிற்கின்றன. உருகிய சாம்பல் சில கற்களில் கண்ணாடி போல மின்னும். தோஸான் கோயிலில் 1888-இல் செய்த பீங்கான் தோரண வாயில் உண்டு. கடைசியாக இஸுமியாமா. மலை இருந்த இடத்தில் இப்போது பெரிய பள்ளம். அதிலிருந்த கல்தான் காலையில் நீங்கள் பார்த்த தட்டுகள்.