கண்ணில் சிக்கிய என் படை மாற்றம்

அமெரிக்கத் தரைப்படையில் பிளாக் ஹாக் ஓட்டிக்கொண்டிருந்த நான், கடலோரக் காவல்படைக்கு மாற விண்ணப்பித்தேன். அங்குள்ள ஜேஹாக்கும் அதே குடும்பத்து ஹெலிகாப்டர்தான், ஓட்டுவதில் கவலையில்லை. கண்தான் காலை வாரிவிட்டது. பார்வைக் குறை இருந்தாலும் பறக்கலாம் என்று தரைப்படை தந்திருந்த விலக்கு இங்கே செல்லாது என்று கோப்பு திரும்பி வந்தது. ஒவ்வொரு படைக்கும் தனி மருத்துவ விதி, விலக்கு தரத் தனி அதிகாரி. இதைக்கூட விசாரிக்காமல் விண்ணப்பித்தது என் அசட்டுத்தனம்.

இன்னொரு தவறும் என்னுடையதே. கண் பரிசோதனைக்கு முந்தைய இரவுவரை கான்டாக்ட் லென்ஸ் அணிந்திருந்தேன். லென்ஸ் கருவிழியின் வளைவையே சற்று மாற்றிவிடும். அளவு நிலையாக வராது. பல வாரங்கள் மூக்குக்கண்ணாடியோடு இருந்துவிட்டு மீண்டும் போனேன். இம்முறை கண்ணாடியோடு இரண்டு கண்ணிலும் 20/20, அதாவது இயல்பான பார்வை. ஆழம் அறியும் சோதனையிலும் தேறினேன். கடைசியில் சொட்டுமருந்து விட்டதும் கண்மணி விரிந்து, கைக்கடிகார முள்கூட மங்கிப்போனது.

புதிய அளவுகள், பழைய விலக்குக் கடிதம், பறப்புப் பதிவேடு எல்லாவற்றையும் இணைத்து, ஏற்கெனவே பயிற்சி பெற்ற விமானி என்ற முறையில் புதிதாக விலக்குக் கேட்டேன். கிடைத்தது. ஹெல்மெட்டுக்குள் காதோரம் அழுத்தாத கண்ணாடிச் சட்டத்துக்குத்தான் இன்னும் அலைகிறேன்.