கறுப்பு வயரெல்லாம் நியூட்ரல் இல்லை

தீபாவளிக்கு முந்தின இரண்டு வாரமும் எனக்கு ஒரே மாதிரியான அழைப்புத்தான் வரும். "அண்ணே, இஸ்தோப்புக்கு ஒரு லைட் போட்டோம். போட்டதிலருந்து ட்ரிப் விழுது." இஸ்தோப்பு என்றால் வீட்டு முன் விறாந்தை. ட்ரிப் என்றால், கரண்ட் எங்கேயாவது கசிந்தால் தானாக விழுந்து வீட்டுக் கரண்டை வெட்டுகிற சுவிட்ச். யார் போட்டது என்று கேட்டால் மகன், மருமகன், இல்லாவிட்டால் மேட்டு லயத்துத் (தோட்ட வரிசை வீட்டுத்) தம்பி. இலங்கை மலைநாட்டில் அட்டன் பக்கம் இருபது வருடத்துக்கு மேலாக வயரிங் வேலை பார்க்கிறேன். போய்க் கழற்றிப் பார்த்தால் பெரும்பாலும் நான் பழகுகிற காலத்தில் செய்த அதே கூத்துத்தான் உள்ளே இருக்கும்.

மெயினை நிறுத்து, செருப்பைப் போடு, ஈரக்கையோடு தொடாதே என்பதையெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை. அது தெரியாதவர் ஏணியில் ஏறவே கூடாது. இது வேலை பழகுகிற தம்பிமாருக்கு எழுதுவது. மற்றவர்கள் படித்துவிட்டு, தெரிந்த ஆளைக் கூப்பிட்டு, அவர் செய்வதைப் பக்கத்தில் நின்று பாருங்கள்.

நியூட்ரலில் சுவிட்ச்

சுவிட்ச் லைவை, அதாவது கரண்ட் வருகிற வயரை, வெட்ட வேண்டும். கரண்ட் திரும்பிப் போகிற நியூட்ரலை வெட்டினாலும் லைட் அணையும், ஆனால் ஹோல்டரில் கரண்ட் நின்றுகொண்டே இருக்கும். பல்ப் மாற்றப் போகிறவர் சுவிட்சை நிறுத்திவிட்டேன் என்ற தைரியத்தில் கையை வைப்பார். குண்டு பல்ப் காலத்தில் இது வெளியே தெரியாது. இப்போது எல்இடி காட்டிக்கொடுத்துவிடும்: அணைத்த பிறகும் இருட்டில் மினுக்கிக்கொண்டிருக்கும். எல்லா மினுக்கலுக்கும் இதுவே காரணம் என்றில்லை, பக்கத்துப் பக்கத்தில் நீளமாகப் போகிற வயர்களாலும் அப்படி வரும். ஆனால் முதலில் பார்க்க வேண்டியது இதை.

சுவிட்ச் பெட்டியில் நியூட்ரல் தேடுவது

எனக்கு இன்னும் எரிச்சல் வருவது இதில்தான். அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

புது லைட் போட வருகிற தம்பி முதலில் கழற்றுவது சுவிட்ச் பெட்டியை. கைக்கு எட்டும் உயரம், ஏணி தேவையில்லை. உள்ளே ஒரு சிவப்பு, ஒரு கறுப்பு. பழைய நிறக்கணக்கில் சிவப்பு லைவ், கறுப்பு நியூட்ரல். புது வீடென்றால் பிரவுனும் நீலமும். இரண்டும் கையிலேயே கிடைத்துவிட்டது, இங்கேயே எடுத்துவிடலாம் என்று நினைக்கிறான்.

சுவிட்சுக்கு வருவது லைவ். சுவிட்சிலிருந்து லைட்டுக்குப் போவதும் லைவ்தான். இரட்டை வயராக இழுத்திருப்பதால் அதில் ஒன்று கறுப்பாக இருக்கிறது, அவ்வளவுதான். நம் பக்கத்து வீடுகளில் பெரும்பாலும் நியூட்ரல் சுவிட்ச் பெட்டிக்கு இறங்குவதே இல்லை. அது மேலே சீலிங் ரோஸிலோ (லைட் தொங்குகிற இடத்து வட்ட மூடி) ஜங்ஷன் பெட்டியிலோ நின்றுவிடும்.

தெரியாமல் அந்த இரண்டிலும் புது லைட்டைக் கொடுத்தால் ஒரு வேடிக்கை நடக்கும். சுவிட்சைப் போட்டால் பழைய லைட் மட்டும் எரியும். நிறுத்தினால் இரண்டும் சேர்ந்து மங்கலாக எரியும், எல்இடி என்றால் இரண்டும் விட்டுவிட்டு மினுக்கும். இரண்டு லைட்டையும் பூச்சரம் போல ஒரே கோவையில் கோத்துவிட்டீர்கள். இதுவரை சிரித்துவிட்டுப் போகலாம். வம்பு இதற்கு அடுத்த அடியில் இருக்கிறது.

நியூட்ரல் இல்லை என்று தெரிந்ததும் தம்பியின் கண் பச்சை வயரில் விழும். அது எர்த், கசிகிற கரண்டை மண்ணுக்குக் கொண்டுபோகிற வயர். சுவருக்குள் பதித்த இரும்பு சங்க் பெட்டிக்கு எர்த் கொடுத்திருந்தால் அது உள்ளேயே இருக்கும். மீட்டரை வைத்துப் பார்க்கிறான். சிவப்புக்கும் பச்சைக்கும் இடையில் 230 வோல்ட். மேலே உண்மையான நியூட்ரலில் வைத்தாலும் அதே 230தான் காட்டும், ஏனென்றால் டிரான்ஸ்போமர் பக்கம் நியூட்ரலும் மண்ணோடுதான் கட்டப்பட்டிருக்கிறது. மீட்டர் பொய் சொல்லவில்லை, தம்பி கேட்ட கேள்விதான் பிழை. பச்சையில் கொடுக்கிறான், லைட் எரிகிறது, வீட்டுக்கார அம்மா பிளேன்டீ கொடுக்கிறார்.

நானும் அப்படி ஒரு பிளேன்டீ குடித்திருக்கிறேன். பத்தொன்பது வயது, அட்டன் டவுனில் ஒரு தேத்தண்ணிக்கடை. பழைய பியூஸ் போர்ட், ட்ரிப் சுவிட்ச் கிடையாது. எர்த் என்று தண்ணீர்க் குழாயில் ஒரு கம்பியைச் சுற்றி வைத்திருந்தார்கள். நான் பின்பக்கத்துக்கு ஒரு 40 வாட் குண்டு பல்ப் போட்டு, அந்தக் கம்பியையே நியூட்ரலாக்கினேன். பல்ப் எரிந்தது. வெயில் நாளில் மங்கலாகவும், மழை நாளில் பளிச்சென்றும். "மழைக்கு நல்லா எரியுது தம்பி" என்று கடைக்காரர் மெச்சினார். குழாயில் பாதியை எப்போதோ பிவிசிக்கு மாற்றியிருந்தார்கள். மிச்சமிருந்த இரும்புத் துண்டு மண் நனைந்தால் மட்டும் எர்த்தாக வேலை செய்தது. நனையாத நாளில் மிச்ச வோல்ட் முழுக்கக் குழாயில் நின்றது. கோப்பை கழுவுகிற பையன் பைப்பைத் தொட்டால் கை சுள்ளென்கிறது என்று நாலைந்து நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தான். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எங்கள் பாஸ் வந்து பார்த்தார். திட்டவில்லை. "அந்தப் பைப்பைத் தொடு" என்றார். நான் தொடவில்லை. "நீ தொட மாட்ட. அவன் தொடணுமா?"

அது அந்தக் காலம், இப்போதுதான் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதே என்பீர்கள். சரி, இதையும் கேளுங்கள்.

தலவாக்கலைப் பக்கம், ஏழு பேர்ச் காணியில் கட்டிய ஒரு தனி வீடு. ஜூன் மாத மழை தொடங்கியதிலிருந்து ட்ரிப் விழுகிறது. வெயில் அடித்தால் இரண்டு நாள் நிற்கும், மறுபடி மூடுபனி இறங்கினால் விழும். முதலில் ஃபிரிட்ஜ் மேல் சந்தேகம். த்ரீவீலரில் ஏற்றிப் போய்க் காட்டி, ஒன்றுமில்லை என்று திரும்ப ஏற்றி வந்தார்கள். அப்புறம் வாட்டர் ஹீட்டர் கொயிலை மாற்றினார்கள். அப்புறம் ட்ரிப் சுவிட்சையே மாற்றினார்கள். கடைசியில் ஒருவர், ட்ரிப் சுவிட்சை ஒதுக்கிவிட்டு நேரே கொடுத்துவிடலாம் என்று யோசனை சொல்லியிருக்கிறார். அதற்குள் என்னைக் கூப்பிட்டது அந்த வீட்டின் நல்ல காலம்.

அரை நாள் தேடினேன். எல்லா சுவிட்சையும் நிறுத்திப் பார்த்தேன் என்று சொல்லத்தான் ஆசை, ஆனால் ஒன்றை நிறுத்தவில்லை. சாமி லைட். அதை அணைக்கக் கூடாது என்று வீட்டு அம்மா சொல்லியிருந்தார். பின்னேரம் அவரிடம் கேட்டு அதையும் நிறுத்தினேன். மழை கொட்டுகிறது, ட்ரிப் விழவில்லை. பெட்டியைக் கழற்றினால் லைட்டின் நியூட்ரல் எர்த் வயரில் போய் ஏறியிருக்கிறது. அது மட்டுமா, பச்சை நிறம் தெரியாதபடி அதன் மேல் கறுப்பு டேப் சுற்றியிருக்கிறது. தெரியாமல் செய்தால் மன்னிக்கலாம். டேப் சுற்றியவனுக்குத் தெரிந்திருக்கிறது.

கணக்கு இதுதான். அந்த லைட் 3 வாட். 230 வோல்ட்டில் 13 மில்லி அம்பியர், மலிவான பல்ப் என்றால் அதைவிடக் கொஞ்சம் கூட இழுக்கும். வீட்டு ட்ரிப் சுவிட்ச் 30 மில்லி அம்பியர். அது 15க்கும் 30க்கும் நடுவில் எங்கேயாவது விழும். லைட் 10 வாட்டாக இருந்திருந்தால் 43 மில்லி அம்பியர், போட்ட நிமிடமே விழுந்து அன்றைக்கே மாட்டியிருக்கும். சின்ன லைட் என்பதால் ஒளிந்துகொண்டது. மழைக்காலத்தில் ஈரத்தால் அங்கங்கே சில மில்லி அம்பியர் கசியும். இரண்டும் சேர்ந்தபோது விழுந்தது.

ட்ரிப் விழுந்ததுகூடப் பரவாயில்லை. மண்ணில் அடித்த எர்த் ராடில் உள்ள கிளாம்ப் துருப்பிடித்துக் கழன்றது என்று வையுங்கள். லைட் அணையும். பல்ப் போய்விட்டது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். ஆனால் லைவ், அந்த பல்ப் வழியாக வந்து வீட்டின் எல்லா எர்த் வயரிலும் நிற்கும்: ஃபிரிட்ஜ் கதவு, அயர்ன் பொக்ஸ், ஹீட்டர் உடம்பு. அந்த நேரத்தில் ட்ரிப் சுவிட்சையும் ஒதுக்கியிருந்தால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

சரியான வழி அலுப்பானது. ஏணியில் ஏறுங்கள். சீலிங் ரோஸையோ ஜங்ஷன் பெட்டியையோ திறவுங்கள். பழைய லைட்டோடு சேர்ந்தே எரிய வேண்டுமென்றால் அந்த லைட்டுக்குப் போகிற இரண்டிலிருந்தும் எடுத்துப் புது லைட்டுக்கு இழுங்கள். தனிச் சுவிட்ச் வேண்டுமென்றால் சுவிட்ச் வழியாக வராத நேர் லைவையும் நியூட்ரலையும் அங்கிருந்து எடுங்கள். எர்த்தையும் கூடவே கொண்டுபோங்கள், எர்த்தாக மட்டும். எது நியூட்ரல் என்று சந்தேகமிருந்தால், மெயின் நிறுத்தியிருக்கும்போது போர்டில் நியூட்ரல் பாரிலிருந்து அந்த வயரைக் கழற்றி, அதன் நுனிக்கும் மேலே நீங்கள் பார்க்கிற நுனிக்கும் மீட்டரில் தொடர்பு வருகிறதா என்று பாருங்கள். நிறத்தையும் டெஸ்டரையும் மட்டும் நம்பாதீர்கள். எல்லாம் சேர்த்து மூன்று நாலு மீட்டர் வயரும் ஒரு மணி நேரமும்தான்.

கடன் வாங்கிய நியூட்ரல்

பக்கத்துப் பிளக் பொயின்டிலிருந்து நியூட்ரலை மட்டும் எடுப்பது. எரியும், வீடு முழுக்க ஒரே ட்ரிப் சுவிட்ச் என்றால் அதுவும் விழாது. பிறகொரு நாள் ஒருவர் பிளக் பிரேக்கரை மட்டும் நிறுத்திவிட்டு அந்த நியூட்ரலைக் கழற்றுவார். லைட் வழியாக வந்த கரண்ட் அவர் கையில் இருக்கும்.

முறுக்கி டேப் சுற்றுவது

இரண்டு வயரை முறுக்கி டேப் சுற்றிக் கூரைக்குள் தள்ளிவிடுவது வேறு ஊரில் எப்படியோ, இங்கே நிற்காது. குளிருக்கும் மூடுபனிக்கும் பசை விட்டுவிடும். லய வீடுகளில் அதற்கு மேல் அடுப்புப் புகை. கரி படிந்து, அது ஈரமானால், டேப் இருந்தும் ஒன்றுதான் இல்லாமலும் ஒன்றுதான். கனெக்டர் போட்டு, மூடியுள்ள பெட்டிக்குள் வைத்து, அந்தப் பெட்டியைப் பிறகு திறக்கக்கூடிய இடத்தில் வையுங்கள். சீலிங்குக்கு மேல் ஒளித்து வைத்த வயர் இணைப்பைத் தேடி நான் உடைத்த பலகைகளின் காசை யாரும் எனக்குத் தந்ததில்லை.

பிரேக்கரைப் பெரிதாக்குவது

லைட் லைனுக்கு 6 அம்பியர். அது 1380 வாட் தாங்கும்; 9 வாட் எல்இடி பத்துப் போட்டாலும் 90தான். விழுகிறது என்றால் பெரும்பாலும் லைட்டால் இல்லை, யாரோ அதில் பிளக் பொயின்ட் எடுத்து 2000 வாட் ஹீட்டர் மாட்டியிருக்கிறார்கள். பிரேக்கரை மாற்றாதீர்கள், ஹீட்டரைக் கழற்றுங்கள்.

அஸ்பெஸ்டஸ் சீலிங்கில் தொங்கவிடுவது

மரச்சட்டத்தில் அடியுங்கள். தகட்டைத் துளைக்காதீர்கள்.

பழைய பங்களா வயர்

ரப்பர் உறை, துணிச்சுற்று. வளைத்தால் உதிரும். அதில் எதையும் சேர்க்காமல் திரும்பி வாருங்கள்.

வெளிச்சுவர் லைட்

ஐபி65 (தூசியும் தண்ணீரும் புகாத தரம்) என்று போட்டிருந்தால் போதும் என்று நினைக்கிறார்கள். அது லைட்டுக்கு, நீங்கள் போடுகிற துளைக்கு இல்லை. வயரை மேலிருந்து நேராக உள்ளே இறக்கினால் மழைத்தண்ணீர் வயரைப் பிடித்துக்கொண்டே உள்ளே போகும். ஒரு சாண் கீழே தொங்கவிட்டு, வளைத்து, அடிப்பக்கமாக ஏற்றி நுழையுங்கள். தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும். மேலே துளை போட்டு சிலிக்கோன் பூசிவிட்டேன் என்கிறவரின் லைட்டை அடுத்த ஆடியில் கழற்றிப் பாருங்கள், உள்ளே மீன் வளர்க்கலாம்.