பெயர்ப் பட்டியலிலிருந்து தொடங்குங்கள்

எங்கள் உதவித்தொகைத் திட்டத்தின் முன்னாள் மாணவர் சங்கத்தில் ஆறு ஆண்டுகள் செயலாளராக இருந்தேன். "நான் இன்னும் பெரிதாகச் சம்பாதிக்கவில்லையே, எனக்கு அங்கே என்ன வேலை?" என்று கேட்டவர்கள்தான் அதிகம். அவர்களிடம் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

முதல் வேலைக்குப் பத்து நிமிடம் போதும். வீடோ, கைபேசி எண்ணோ, வேலையோ மாறினால் சங்கத்துக்குத் தெரிவியுங்கள். கல்லூரி தந்த மின்னஞ்சல் முகவரியை மட்டும் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். படிப்பு முடிந்ததும் அது மூடப்பட்டுவிடலாம். நான் பொறுப்பேற்றபோது பட்டியலில் இருந்த எண்களில் பாதிக்குப் பதிலே இல்லை. ஒவ்வோர் ஆண்டு மாணவர்களிலும் ஒருவரைப் பிடித்து, அவர் மூலம் மற்றவர்களைத் தேடி, பட்டியலைச் சரிசெய்ய ஓராண்டு ஆனது. சம்மதம் கேட்காமல் ஒருவரது எண்ணை இன்னொருவருக்குத் தருவதில்லை என்பதில் மட்டும் கண்டிப்பாக இருந்தோம்.

அடுத்தது, புதிதாகச் சேர்ந்த ஒரே ஒரு மாணவருக்குத் துணையாக இருப்பது. ஐந்து பேரை ஏற்றுக்கொண்டு பாதியில் விடுவதைவிட ஒருவரை ஓராண்டு முழுவதும் கவனிப்பது மேல். முதல் பருவம்தான் கடினமானது. ஒரு மாணவன் திடீரென்று அழைப்புகளை எடுப்பதை நிறுத்திவிட்டான். கணிதத்தில் தேர்ச்சி பெறவில்லை. உதவித்தொகை போய்விட்டது என்று அவனே முடிவுகட்டி, ஊருக்குத் திரும்பப் பெட்டியைக் கட்டிவைத்திருந்தான். எங்கள் திட்டத்தில் மதிப்பெண் குறைந்தால் விளக்கம் கேட்டு ஒரு பருவம் அவகாசம் தருவார்கள். அந்த விதி அவனுக்குத் தெரியாது. எங்கள் உறுப்பினர் ஒருவர் அவனோடு உட்கார்ந்து விளக்கக் கடிதம் எழுத உதவினார். அவன் படிப்பை முடித்தான்.

ஆகவே, பேசுவதற்கு ஒரு கிழமையைக் குறித்துக்கொள்ளுங்கள். "எப்படி இருக்கிறாய்?" என்றால் "நன்றாக இருக்கிறேன்" என்றுதான் பதில் வரும். "எந்தப் பாடம் புரியவில்லை? கட்டணம் கட்டக் கடைசி நாள் எது? தொகை கைக்கு வந்துவிட்டதா?" என்று கேளுங்கள். பதினெட்டு வயது நிரம்பாதவர் என்றால் பெற்றோருக்கும் திட்ட அலுவலகத்துக்கும் தெரிந்தே பேசுங்கள். பணத் தேவையைச் சொன்னால் கையிலிருந்து கடன் கொடுக்காமல் செயற்குழுவிடம் கொண்டுபோங்கள்; கடன் வந்த இடத்தில் மாணவர் மனம்விட்டுப் பேசுவது நின்றுவிடுகிறது.

நன்கொடை சிறியதானாலும் மாதம் தவறாமல் வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போகும்படி செய்யுங்கள். எதிர்பார்க்கக்கூடிய தொகை இருந்தால்தான் அவசர உதவிக்கு வாக்குக் கொடுக்க முடியும். ரசீது வாங்குங்கள், ஆண்டுக் கணக்கைக் கேளுங்கள். கேட்பது அவநம்பிக்கை அல்ல. நல்ல பொருளாளர் அதை வரவேற்பார்.

புதிய மாணவர்களைத் தேர்ந்தெடுக்கும் நேர்காணலை நடத்த அழைத்தால் போங்கள். உறவினரோ தெரிந்தவரோ விண்ணப்பித்திருந்தால் முன்கூட்டியே சொல்லி விலகிக்கொள்ளுங்கள். பொதுக்குழுவுக்கும் வாருங்கள்: போதிய பேர் இல்லாமல் இரண்டு முறை கூட்டத்தை ஒத்திவைத்திருக்கிறோம்.

குழந்தை பிறந்திருக்கலாம், வேலை போயிருக்கலாம். "இந்த ஆண்டு முடியாது" என்று ஒரு வரி எழுதிவிடுங்கள், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். சொல்லாமல் நின்றுவிட்டால்தான் அங்கே ஒரு மாணவர் அழைப்புக்காகக் காத்துக்கொண்டிருப்பார்.

பொறுப்பை விடும்போது கடவுச்சொற்களையும் வங்கிக் கையொப்ப மாற்றத்தையும் மாணவர் விவரங்களையும் அடுத்தவரிடம் நேரில் ஒப்படையுங்கள். எனக்கு இரண்டு மாலைப்பொழுதுகள் ஆயின. புதிய செயலாளர் அதற்குப் பிறகும் ஒரு மாதம் அழைத்துச் சந்தேகம் கேட்டார். ஒவ்வொரு முறையும் எடுத்தேன்.