மார்கழியில் ஊருக்குப் போகிறவர்கள் உறுதிப் பெட்டியைத் திறக்கவேண்டாம்

பெட்டிக்குள் என்னென்ன வைப்பது என்று சொல்லப்போவதில்லை. கண்டோஸ் சொக்லேற்றும் கோடாலித் தைலமும் வாங்கி வாங்கிப் பழகிய கைகள் நம் எல்லோருக்கும் உண்டு. நான் ஒரேயொரு கடதாசியை வைக்காமல் போனேன். அதனாலும், ஊரில் கிடந்த ஒரு காணி உறுதியாலும் (காணிப் பத்திரம்) பட்ட பாட்டைத்தான் சொல்ல வருகிறேன்.

கனடாவிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு 2024 டிசம்பர் 21 போய், தைப்பொங்கலன்று இரவு புறப்படுவதாகத் திட்டம். 25 நாள். அவசரமில்லாமல் சொந்தக்காரர் வீடு, பள்ளிக்கூடச் சிநேகிதர் வீடு என்று சைக்கிளில் சுற்றுவது, பின்னேரம் முற்றத்தில் கதிரை போட்டு இருப்பது, அவ்வளவுதான் வேலை. அதில் ஒன்பது பகல் ஒரு அரசாங்கக் கந்தோரின் வாங்கில் போயிற்று.

சில்லறை விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் ஏறக்குறைய 400 கிலோமீற்றர். வெள்ளவத்தையில் இரவு பஸ் ஏறினால் விடியப்புறம் ஊர். நத்தார் விடுமுறையில் ரயிலோ பஸ்ஸோ, போய்ப் பார்க்கலாம் என்று இருந்தால் இடம் கிடைக்காது. சென்னை வழியாக வருபவர்கள் நேரே யாழ்ப்பாணத்துப் பலாலிக்குப் பறக்கலாம். பொதி நிறையை மட்டும் முதலே பார்த்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரர் விசா அனுமதியை இணையத்தில் முன்கூட்டியே எடுத்துவிடுவது நல்லது. "நான் இங்கே பிறந்தவன்" என்று குடிவரவு மேசையில் சொல்வதால் ஒரு பயனும் இல்லை. சொல்லிப் பார்த்தேன்.

ஊர் என்றால் வெயில் என்று நினைத்து வருகிற பிள்ளைகளுக்கு மாரியைப் பற்றிச் சொல்லிவையுங்கள். வருசத்து மழையில் பெரும்பகுதி ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையில்தான் கொட்டும். ஒழுங்கை குளமாகும், நுளம்பு பெருகும், டெங்குக் காய்ச்சலும் இந்த மாதங்களில்தான் கூட. ஆனால் கிணற்றைப் போய்ப் பாருங்கள். கோடையில் கயிறு முழுவதும் விட்டு அள்ளுகிற கிணறு, மார்கழியில் குனிந்தால் வாளி முட்டுகிற உயரத்தில் நிற்கும். "அப்பா, இது நிரம்பி வெளியே வராதா?" என்று என் மகள் கேட்டாள். எனக்கு ஞாபகம் இல்லை. அம்மாவின் தங்கச்சி குஞ்சம்மாதான் பதில் சொன்னா: "ஒருக்கா வந்தது மோனை. நீங்கள் ஒருத்தரும் இங்க இல்லை அப்ப."

எந்த வீட்டுக்கு முதலில் போவது என்பதில் கவனமாக இருங்கள். நீங்கள் வராமல் விட்ட செத்தவீடுகளுக்கு முதலில் போகவேண்டும். கலியாணத்துக்கு வராததை மன்னித்துவிடுவார்கள். எந்த வீட்டில் ஏறினாலும் இரண்டு கேள்வி வரும்: "எப்ப வந்தனீங்கள்? எப்ப போறியள்?" இரண்டாவது கேள்விக்குத் திகதியைச் சொன்னதும் அடுப்பில் தேத்தண்ணி ஏறும். அதைக் குடிக்காமல் எழும்பாதீர்கள். சீனி கூடத்தான் போட்டிருப்பார்கள்.

சரி, இனி உறுதிக்கு வருகிறேன்.

வந்த இரண்டாம் நாள் இரவு, இடியப்பமும் சொதியும் சாப்பிட்டுக் கை கழுவும்போது குஞ்சம்மா ஒரு விசுக்கோத்துத் தகரத்தைக் கொண்டுவந்து வைத்தா. உள்ளே பொலித்தீன் பை, அதற்குள் இன்னொரு பொலித்தீன் பை, அதற்குள் அம்மம்மாவின் காணி உறுதி. மடித்த இடமெல்லாம் பழுப்பாகி, ஒரு மடிப்பில் வெளிச்சம் தெரிந்தது. நப்தலீன் மணம். ஐந்து பரப்பு (எங்கள் காணி அளவு) வளவு, பிரிக்காதது. பாதி அம்மாவுக்கு, பாதி குஞ்சம்மாவுக்கு. அம்மா ஸ்காபரோவில் காலமாகி ஐந்து வருசம். அப்பா அவவுக்கு முதலே போய்விட்டார், நான் ஒரே பிள்ளை.

"தம்பி, அக்காவின்ர பங்கை என்ர மகளின்ர பேருக்கு எழுதிவிடன். கலியாணம் பேசிக்கொண்டிருக்கினம், மாப்பிளை வீட்டார் வீடு கேக்கினம். நீ வந்து இருக்கப்போறியே?"

எனக்குக் கோபம் வந்தது. வந்து இரண்டு நாள் ஆகவில்லை, ஜெட் களைப்பு இன்னும் போகவில்லை, அதற்குள் காணி. இப்படித்தான் வெளிநாட்டுக்காரனைக் கண்டால் எல்லோரும் என்று அந்த நேரம் மனதுக்குள் எழுதிய பட்டியலை இங்கே போட வெட்கமாக இருக்கிறது. வாயால் மட்டும் "ஓம் குஞ்சம்மா, அதுக்கென்ன" என்றேன். என் முதல் பிழை அது. விடுமுறையில் "அதுக்கென்ன" சொல்லாதீர்கள்.

உறுதி எழுதுகிற நொத்தாரிசு நல்ல மனிதர். யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையில் முதுசம் (பெற்றோர் வழி வந்தது), சீதனம் (பெண்ணுக்குக் கலியாணத்தில் கொடுப்பது), தேடியதேட்டம் (கலியாணத்துக்குப் பிறகு சேர்த்தது) என்று மூன்று வகைச் சொத்து இருப்பதை ஒரு பிளேன்டீ குடித்து முடிப்பதற்குள் விளங்கப்படுத்தினார். தாயின் முதுசம் பிள்ளைக்கு வரும், பிள்ளை நன்கொடையாக எழுதலாம், தன் முன்னால் இரண்டு சாட்சிகளோடு கையெழுத்து வைத்தால் வேலை முடிந்தது. பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "பேர்தான் இடிக்குது."

உறுதியில் இருப்பது அம்மாவின் வீட்டுப் பெயர். பிறப்புப் பதிவில் அதற்கு முன்னால் 'சிவ' ஒட்டிய முழுப்பெயர். கனடா மரணச் சான்றிதழில் அப்பாவின் பெயரும் அம்மாவின் பெயரும் இடம் மாறி, தலைப்பெழுத்து விரிந்து, யாரோ மூன்றாவது பெண்மணி. மூன்றும் ஒரே ஆள்தான் என்று விதானையார் (கிராம சேவகர்) ஒரு கடிதம் தரவேண்டும், அதை மேலே உறுதிப்படுத்தவேண்டும், கூடவே ஒரு சத்தியக்கடதாசியும் வேண்டும்.

எந்தக் கந்தோர் என்று சொல்லவில்லை. சொன்னால் குஞ்சம்மாதான் மறுபடியும் அங்கே போய் நிற்கவேண்டும்.

டிசம்பர் 23, திங்கள். அந்த வேலையைப் பார்க்கிற பெண் லீவு. 26 ஆம் திகதி அவ இருந்தா.

"இது உங்கட அம்மாதான் எண்டதுக்கு என்ன அத்தாட்சி?"

"நான் அவவின்ர மகன்."

"அதுக்கு என்ன அத்தாட்சி?"

என் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் ரொறன்ரோவில், நிலவறையில், வரிக் கடதாசிகளுக்கு அடியில் இருந்தது. பதிவு இலக்கமும் திகதியும் தெரிந்தால் பிரதி எடுப்பது சுலபம். தெரியாவிட்டால் தேடுதல். தேடினார்கள், நானும் இரண்டு நாள் வாங்கிலிருந்து தேடினேன். ஆகவே, தயவுசெய்து, உங்கள் பிறப்பு அத்தாட்சி, பெற்றோரின் பிறப்பு, விவாக, மரண அத்தாட்சிகள், ஒன்பது இலக்கமும் கடைசியில் ஆங்கில எழுத்தும் உள்ள உங்கள் பழைய அடையாள அட்டை, எல்லாவற்றையும் படம் எடுத்துக் கைபேசியில் வைத்திருங்கள். மூலப்பிரதியைக் கைப்பையில் கொண்டுபோங்கள். விதானையார் எல்லா நாளும் கந்தோரில் இருக்கமாட்டார், வெளிவேலை இருக்கும். போனில் கேட்டுவிட்டுப் போங்கள். நான் கேட்காமல் இரண்டு தரம் போனேன். ஒருதரம் அவர் வெள்ளம் பார்க்கப் போயிருந்தார், அதற்குக் கோபிக்கவும் முடியாது.

சனவரி முதலாம் திகதி விடுமுறை இல்லை என்று கேள்விப்பட்டு விடியவே போனேன். அன்று அரசாங்க ஊழியர் எல்லோரும் உறுதிமொழி எடுக்கிற நாள். கொடியேற்றினார்கள், வரிசையில் நின்று உறுதிமொழி எடுத்தார்கள், எனக்கும் ஒரு துண்டு கேக் தந்தார்கள். உறுதிமொழி முடிந்தது, என் உறுதிதான் அப்படியே கிடந்தது.

வாங்கில் பக்கத்தில் இருந்த ஐயா வலிகாமம் வடக்கு. 1990 இல் வளவை விட்டு எழும்பியவர். அவருடைய காணி இன்னும் முள்ளுக்கம்பிக்கு அந்தப்பக்கம். ஏதோ ஒரு படிவத்துக்குப் பல வருசமாக வந்துபோகிறாராம். "நீங்கள் எத்தினை நாளாத் தம்பி?" என்று கேட்டார். ஆறு நாள் என்று சொல்ல வாய் வரவில்லை.

சனவரி 10, வெள்ளி. கடிதம் தட்டச்சாகிவிட்டது. கையெழுத்து வைக்கிறவர் கச்சேரியில் (மாவட்டச் செயலகம்) கூட்டத்துக்குப் போய்விட்டார். "திங்கள் வாங்கோ" என்றா அந்தப் பெண், பிறகு சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்துத் தானே சிரித்துவிட்டா. 11 சனி, 12 ஞாயிறு, 13 போயா (பௌர்ணமி விடுமுறை), 14 பொங்கல். நாலு நாளும் பூட்டு. எனக்கு 14 இரவு பஸ்.

இதிலிருந்து ஒரு பாடம் என்றால் இலங்கைக் கலண்டரை வாங்கி, போயா எங்கே விழுகிறது என்று பார்த்துவிட்டு விமானச்சீட்டு எடுங்கள். இன்னும் நல்லது, கந்தோர் வேலையை விடுமுறைக்குள் கொண்டுபோகாதீர்கள். நீங்கள் இருக்கும் நாட்டு இலங்கைத் தூதரகத்தில் அற்றோர்னித் தத்துவம் முடித்து அனுப்பலாம். இலங்கையில் அதைப் பதிந்தபின், நம்பிக்கையான ஒருவர் உங்களுக்காகக் கையெழுத்து வைப்பார். பங்கை வெளியாளுக்கு விற்கிற எண்ணம் உள்ளவர்கள், தேசவழமைப்படி கூட்டுப் பங்காளிக்கே முதலில் வாங்கும் உரிமை என்பதை மறக்கவேண்டாம்.

நொத்தாரிசு சொன்ன இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். இரவில் நித்திரையைக் கெடுத்தது அதுதான். வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்தவர் இலங்கையில் காணி வாங்குவதை 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம் தடுக்கிறது. பெற்றோரிடமிருந்து வாரிசாக வருவதற்குத் தடையில்லை. ஆக, நான் எழுதிக் கொடுத்துவிட்டால், பிற்காலம் ஆசைப்பட்டாலும் இரட்டைக் குடியுரிமை எடுக்காமல் ஒரு குழி நிலம்கூட என் பெயரில் வாங்க முடியாது. வந்து இருக்கப்போகிறாயா என்று கேட்டதற்கு, இல்லை என்று கையெழுத்துப் போட்டுச் சொல்வது அது. நான் அதுவரை அந்தக் கேள்விக்கு வாயாலும் பதில் சொன்னதில்லை.

நெடுந்தீவுக்குப் போய் மகளுக்குக் குதிரை காட்டுவதாகச் சொல்லியிருந்தேன். கந்தோர் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை படகேறுகிற குறிகட்டுவானுக்குப் போனோம். காற்று, படகு விடவில்லை. மாரியில் அது சகஜம், பயணத்தின் கடைசி நாட்களுக்கு அதை வைக்காதீர்கள். நயினாதீவும் விட்டுப்போயிற்று. வல்லிபுரமும். ஏ.எல். ஒன்றாகப் படித்த ஒருத்தன் கரவெட்டியில் கோழி அடித்துவிட்டு மத்தியானம் முழுக்கக் காத்திருந்தான். நான் வாங்கில் இருந்தேன். இன்றுவரை அவன் என் அழைப்பை எடுப்பதில்லை.

திருவெம்பாவை மட்டும் தவறவில்லை. நாலு மணிக்குச் சங்கும் சேமக்கலமும் ஒழுங்கையால் வரும், பின்னால் பெடியளின் குரல் வரும், நாய்கள் தொடங்கும். கடைசி நாள் திருவாதிரை, அதே போயாத் திங்கள். நான் விழித்துத்தான் கிடந்தேன். குசினிப் பக்கம் குஞ்சம்மா முற்றம் கூட்டுகிற சத்தம். ஈரமண்ணில் விளக்குமாறு வேறு மாதிரிச் சத்தம் போடும்.

1993 இல் ஊரைவிட்டு வெளியேறக் கிளாலியில் இரவு வள்ளம் ஏறியபோது எனக்கு 19 வயது. 1995 ஐப்பசியில் போரினால் வலிகாமமே எழும்பி நடந்தபோது, குஞ்சம்மா நாவற்குழிப் பாலத்தால் அம்மம்மாவைக் கைத்தாங்கலாகவும் அந்தத் தகரத்தை இடுப்பிலும் கொண்டு சாவகச்சேரிக்குப் போனவ. திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை, தகரம் இருந்தது. அம்மம்மா சாகும்போது நான் காசு அனுப்பினேன். நல்ல தொகைதான். அந்தியேட்டிப் படங்களைத் தபாலில் அனுப்பியிருந்தா. ஒவ்வொரு படத்துக்குப் பின்னாலும் யார் யார் என்று எழுதியிருந்தது, எனக்கு ஆட்களைத் தெரியாமல் போய்விடும் என்று.

பொங்கலன்று காலை பானை பொங்கி வழிந்தது. உறுதியைப் பற்றி ஒருத்தரும் கதைக்கவில்லை. பஸ்ஸுக்குப் போகமுன் பனங்கிழங்கை அவித்துக் காயவைத்த புழுக்கொடியலைக் குஞ்சம்மா கட்டித் தந்தா. (மண் ஒட்டிய பச்சைக் கிழங்கைக் கொண்டுபோகாதீர்கள், விமான நிலையத்தில் பறிப்பார்கள்.) தகரம் மறுபடியும் அலுமாரிக்கு மேலே போய்விட்டது.

16 ஆம் திகதி நான் டோஹாவில் விமானம் மாறும்போது தங்கச்சி (குஞ்சம்மாவின் மகள்) வட்சப்பில் கடிதத்தைப் படம் எடுத்து அனுப்பினா. கையெழுத்து, முத்திரை, எல்லாம் சரி. குஞ்சம்மா போய் வாங்கி வந்திருக்கிறா. ஆறு மாதத்துக்குத்தான் செல்லும் என்று சொல்லிக் கொடுத்தார்களாம். மூலப்பிரதி மாசியில் தபாலில் வந்தது.

இப்போது கார்த்திகை. அற்றோர்னித் தத்துவப் படிவம் நிரப்பினபடி என் மேசை லாச்சிக்குள் இருக்கிறது. தூதரகத்தின் ரொறன்ரோ அலுவலகம் தூரமில்லை. கிழமை நாளில் ஒரு அரைநாள் லீவு போட்டால் போதும். சம்பந்தம் சரிவந்துவிட்டது, தையில் கலியாண எழுத்து என்று போன ஞாயிறு தங்கச்சி சொன்னா. காணியைப் பற்றி அவவும் கேட்கவில்லை, குஞ்சம்மாவும் கேட்கவில்லை. கடிதத்தை மறுபடி எடுக்கவேண்டும். அதற்கு விதானையாரிடம் போகப்போவதும் குஞ்சம்மாதான்.