மழைக்கு முன்பே மீன் தீவனத்தில் பூண்டும் மஞ்சளும்

டெல்டா குளங்களில் கட்லா, ரோகு, மிர்கால் வளர்ப்பவர்கள் ஐப்பசி அடைமழைக்கு முன்பே, கிருமியை அடக்க இந்தத் தீவனத்தைத் தொடங்கிவிடுவது நல்லது. 1 கிலோ தவிடு, கடலைப் புண்ணாக்குக் கலவைக்கு உரித்த பூண்டு 10 கிராம், மஞ்சள்தூள் 5 கிராம். குளத்தில் 200 கிலோ மீன் இருந்தால், மீன் எடையில் 2 சதவீதக் கணக்கில் தினம் 4 கிலோ தீவனம். பூண்டு 40 கிராம், மஞ்சள் 20.

பூண்டை நசுக்கி 10 நிமிடம் அப்படியே விடுங்கள். கிருமியை அடக்கும் அல்லிசின் நசுங்கிய பிறகுதான் உருவாகிறது. தீவனத்தை உருண்டை பிடிக்கக் கஞ்சி காய்ச்ச வேண்டும், ஆனால் கொதிக்கிற கஞ்சியில் பூண்டைக் கொட்டினால் வீண். கஞ்சி கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் பூண்டு, மஞ்சளைக் கலக்கித் தீவனத்தோடு பிசைந்து உருண்டை பிடியுங்கள். ஒன்றை வாளித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். உடனே உதிர்ந்து தண்ணீர் மஞ்சளாகக் கலங்கினால் கஞ்சி போதவில்லை. மீனுக்குப் போக வேண்டியது சேற்றுக்குத்தான் போகும்.

அன்றன்றைக்குப் பிசையுங்கள். பூசணம் பிடித்த புண்ணாக்கை மஞ்சள் சரிசெய்யாது, பூசணத்தின் நஞ்சு மீனின் ஈரலைக் கெடுக்கும். வேப்பிலையைக் கண்ணளவில் சேர்க்காதீர்கள், மிஞ்சினால் மீனுக்கே விஷம். மூட்டமான விடியலில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தால் அது ஆக்சிஜன் குறை. அன்று தீவனமே போடாமல், புதுத் தண்ணீர் பாய்ச்சுங்கள்.